ஏழாம் மாடிக்குப் போன பால்

டாக்டர் மரகதத்துக்குக் குழந்தைகளின் மலம் ஒருநாளும் அருவருப்பைத் தந்ததில்லை. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்பது காப்பியை அல்ல, டப்பாக்களை. கட்டிலுக்கு ஒன்றாகப் பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் தட்டில் வரும். பயிற்சி டாக்டர்கள் முகக்கவசத்துக்குள் விக்ஸ் தடவிக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அவள் மூடியைத் திறந்து முகர்வாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள், "இவனுக்கு இன்னிக்குப் பால் கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்பாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் வயிற்றைப் புரட்டும்.

"குழந்தைக்கு வாயால சொல்லத் தெரியாது. இதுலதான் சொல்லுது. கேக்கறதுக்கு என்ன அருவருப்பு?" என்பது அவள் வழக்கமான பதில்.

அப்படிப்பட்டவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது ஒரே ஒரு தடவை. அது அதே ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடியில் நடந்தது. மலத்தைப் பார்த்து அல்ல, பாலைப் பார்த்து.

அமிழ்தகம் என்ற அந்த ஆஸ்பத்திரி கோயம்புத்தூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு நூல்மில் இருந்த இடத்தில் எழுந்தது. மில்லும் ஆஸ்பத்திரியும் ஒருவருடையவைதான். ரங்கப்பன் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கோயில் கும்பாபிஷேகம் என்றால் முதல் ஆளாக நிற்பார், வெள்ளைக் கதர், நெற்றி நிறையத் திருநீறு. குழந்தைகளின் குடல்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டி, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மரகதத்தை அழைத்து வந்து, "உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க அம்மிணி" என்று சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய மருமகன் கௌதம்.

மகிழினியை அவள் அம்மா கீர்த்தனா தூக்கிக்கொண்டு வந்தபோது குழந்தைக்கு ஆறு வயது. பார்த்தால் மூன்று என்று சொல்லலாம். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும், பின்னாலேயே ரத்தமாகப் போகும். கீர்த்தனா திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். புருஷன் இந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டான். அதை அவள் மரகதத்திடம் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை.

"பொறந்த புதுசுல நம்ம குடல் திறந்து போட்ட வீடு மாதிரிம்மா" என்று மரகதம் அவளை உட்காரவைத்து விளக்கினாள். "அம்மா பால்ல வர்ற காவலாளுங்களை அப்படியே முழுசா உள்ள விடும். அப்புறம் சோறூட்ட ஆரம்பிக்கறோமில்ல, அப்ப குடல்ல ஒரு மரபணு அணைஞ்சுரும். கதவு சாத்திக்கும். அதுக்கப்புறம் எதையும் கரைச்சு, சலிச்சுத்தான் உள்ள எடுக்கும். உம் பொண்ணுக்கு அந்தக் கதவு கோணலாச் சாத்திருச்சு."

"அதை நேரா சாத்த முடியாதுங்களா?"

"சாத்தணும்னா முதல்ல திறக்கணும். அணைஞ்ச மரபணுவை மறுபடி முழிக்க வைக்க மருந்து இருக்கு. சாதுவாக்கின ஒரு வைரஸ் அதைச் சுமந்துட்டுப் போய்க் குடல்ல இறக்கும். உம் பொண்ணு குடல் பச்சைக் குழந்தை குடலாயிரும். சில மாசம் தாய்ப்பால் மட்டும். புண்ணெல்லாம் ஆறினதும் ஒரு பிடி சோறு குடுப்போம். கதவு இந்தத் தடவை நேரா சாத்திக்கும்."

"எனக்குப் பாலு வத்தி எத்தனையோ காலமாச்சுங்களே டாக்டரம்மா."

"பால் ஆஸ்பத்திரி தரும். நீ பாத்துக்க வேண்டியது ஒண்ணுதான். கதவு திறந்திருக்கறப்ப வேற எதுவும் உள்ள போகக்கூடாது. மாட்டுப்பால்கூட அவளுக்கு விஷம். சோறு ஒரு பருக்கை போனாலும் கதவு சாத்திரும், புண் ஆறியிருந்தாலும் ஆறலைன்னாலும். இந்த மருந்து ஒரு உடம்புக்கு ஒரு தடவைதான். ரெண்டாந்தடவை போட்டா உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டு கொன்னுரும்."

இதைச் சொல்லும்போது மரகதத்தின் குரல் கடுமையாகிவிடும். முந்தைய வருஷம் ஒரு பையன். நன்றாகத் தேறிக்கொண்டிருந்தான். அவன் அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாமி பிரசாதம்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று புளியோதரையை விரலில் தொட்டு மகன் நாக்கில் வைத்துவிட்டார். பாதி ஆறிய புண்ணோடு கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பையன் இன்றைக்கும் மலம் சேரும் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். அப்போதிலிருந்து அந்த வார்டில் சாமி படத்துக்குக்கூட நைவேத்தியம் கிடையாது. வார்டு வாசலில் 'பிரசாதம் உட்பட' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும்.

சோற்றை வைத்தே அந்த வார்டில் ஒரு வழக்கமும் உண்டாகியிருந்தது. புண் ஆறி முடிந்த குழந்தைக்கு மற்ற அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து பருப்பும் நெய்யும் போட்டுக் குழையக் குழையச் சோறு ஆக்குவார்கள். முதல் பிடி குழந்தைக்கு. இரண்டாவது பிடியைக் குழந்தை தன் கையாலேயே எடுத்து, தனக்குப் பிடித்த ஒருவருக்கு ஊட்டும். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. மூக்கு ஒழுகிய கையாக இருந்தாலும், எச்சில் பட்ட சோறாக இருந்தாலும், வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை. மரகதமே எத்தனையோ பிடி வாங்கியிருக்கிறாள்.

"என்னோட ரெண்டாவது பிடி உங்களுக்குத்தான்" என்று மகிழினி வந்த வாரமே முன்பதிவு செய்துவிட்டாள். பேச்சு மட்டும் அவளுக்கு ஆறு வயசுக்கு மேலேயே இருந்தது.

மருந்து போட்டார்கள். கதவு திறந்தது. பால் குடிக்கக் குடிக்கக் குழந்தைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. டப்பாவில் ரத்தம் போய், பச்சைக் குழந்தைக்குப் போகிற மாதிரி மஞ்சளாக வந்த அன்று கீர்த்தனா அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பயிற்சி டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு திடீரென்று ஒரு காலை, மகிழினியின் டப்பாவில் மறுபடியும் ரத்தம்.

மரகதம் நேராகக் கட்டிலுக்குப் போனாள். "என்ன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலீங்."

"நேத்து வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போனியா?"

"போனேனுங். ஆனா..."

"ஆனா என்ன? சாமி கோவிச்சுக்கும்னு ஒரு வாய் குடுத்தியா? உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது? பெத்த பிள்ளையைக் கொல்றதுக்குன்னே கோயிலுக்குப் போறீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கீர்த்தனா குழந்தையின் தலையில் கையை வைத்து, "இவ மேல சத்தியமா நான் திருநீறுகூட வெச்சுடலீங்" என்றாள். மரகதம் அதையும் நம்பவில்லை. சத்தியம் செய்யாத அம்மாவை அவள் பார்த்ததில்லை.

ஆனால் டப்பா சத்தியம் செய்யாது. பரிசோதனைக்கூடத்தில் ஒரு துளி அயோடின் விட்டாள். சோறு போயிருந்தால் நீலம் பாரித்திருக்கும். பாரிக்கவில்லை. கண்ணாடித் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ரத்தத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, நசுக்கினால் நசுங்காத கட்டிகள். தாய்ப்பால் இப்படித் திரிவதில்லை. இப்படித் திரிவது மாட்டுப்பால் பவுடர். அடுத்தடுத்த கட்டில்களின் டப்பாக்களையும் திறந்தாள். அவற்றிலும் தேடினால் அங்கங்கே வெள்ளை. கீர்த்தனாவிடம் எப்படி முகம் கொடுப்பது என்று நினைத்தபோதே மரகதத்துக்கு உடம்பு கூசியது.

பால் வருவது கீழ்த்தளத்திலிருந்து. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஹாஸ்டல். பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே தங்கி, சாப்பாடும் சம்பளமும் வாங்கிக்கொண்டு, பால் கொடுப்பார்கள். அங்கே எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று கௌதம் சொல்வான். மரகதமும் எட்டிப் பார்த்ததில்லை. டப்பாக்களை எட்டிப் பார்த்த அளவுக்குப் பால் வருகிற இடத்தை அவள் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கீழே ரேணுகா என்ற பெண் பால் எடுக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இந்தப் பால்ல பவுடர் கலக்கறது யாரு?"

"பவுடருங்களா? எங்களுக்குத் தெரியாதுங். நாங்க கறந்து..." அந்த வார்த்தை வாயில் வந்ததற்கு அவளே வெட்கப்பட்டாள். "எடுத்துக் குடுத்தா, அவங்க ரெண்டா பிரிச்சுக்குவாங்க. பிளாஸ்டிக் கேனு உங்க வார்டுக்கு. வெள்ளிப் போசி மேல போவும்."

"மேலன்னா?"

"ஏழாம் மாடிக்குங். அதுக்குத்தான் எங்களுக்கு இத்தனை பத்தியம். பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, கருவாடு மூச்சே விடக்கூடாது. அங்க இருக்கற கொழந்தைங்களுக்குக் கவுச்சி வாசம் ஆவாதாம். பெரிய எடத்துக் கொழந்தைங்க போல." ரேணுகா சிரித்தாள். "எம் பையன் நாங் கருவாட்டுக் கொழம்பு தின்னு சுரந்த பாலைத்தான் குடிச்சான், ஒண்ணும் சொல்லலை."

"உன் பையன் எங்க?"

"ஊருல நாத்தனாகிட்டங். பவுடர் பாலு குடிக்கறான். இங்க கொழந்தைய வெச்சுக்கக் கூடாதுங்களே, பாலு கொறைஞ்சுருமாம்."

ஏழாம் மாடியில் நிர்வாக அலுவலகம் இருப்பதாகத்தான் மரகதம் நினைத்திருந்தாள். லிஃப்ட் திறந்ததும் சாம்பிராணி வாசனை வந்தது. தரையில் தடித்த கம்பளம். உள்ளே நீளமான தேக்கு மேசை, சுற்றிலும் ஐந்தாறு கிழவர்கள். எல்லாரும் ஊரில் பெரிய மனிதர்கள், ஒருவர் பழைய நீதிபதி. கழுத்தில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளி டம்ளர். தலைமாட்டில் ரங்கப்பன்.

"வாங்க அம்மிணி, வாங்க" என்று அவர் முகம் மலர்ந்து எழுந்தார். வெள்ளை மீசைக்கு மேல் இன்னொரு வெள்ளை மீசையாகப் பால் நுரை ஒட்டியிருந்தது. "உங்க கண்டுபிடிப்புங்க. உங்களை நாங்க கோயில் கட்டிக் கும்பிடணும். எனக்கு மூட்டுவலி போன எடம் தெரியல. சர்க்கரை எறங்கிருச்சு. படுத்தாத் தூக்கம் வருது. என்ன, சோறுதான் ஒரு குறை. அதை ஆயுசுக்கும் விட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

மரகதத்துக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவளுக்குத் தெரியாமலே அவளுடைய மருந்தை இவர்கள் போட்டுக்கொண்டுவிட்டார்கள். இந்தக் கிழட்டு வயிறுகளுக்குள் பச்சைக் குழந்தையின் குடல் திறந்து கிடக்கிறது.

"சூடு கொஞ்சம் பத்தலை" என்று பரிமாறுகிறவனிடம் ஒருவர் டம்ளரை நீட்டினார். "உடம்புச் சூடு இருக்கணும்னு சொன்னேனில்ல?"

நீதிபதி ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணை மூடி யோசித்தார். "இன்னிக்கு வேற பொண்ணோடது. நேத்தையது கொஞ்சம் தித்திப்பா இருந்துச்சு."

"இதுல பூண்டு வாடை இருக்கு" என்றார் ரங்கப்பன், மிகுந்த வருத்தத்தோடு. "கௌதமுகிட்டச் சொல்லணும். நான் சுத்த சைவமுங்க அம்மிணி. கவுச்சின்னா எனக்குக் குமட்டிரும்."

வாஷ்பேசின் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கண்ணில் பட்டதை நோக்கி ஓடினாள். பின்னால் கிழவர்கள் "அடடா, டாக்டருக்கு என்னாச்சு, பித்தமா இருக்கும்" என்று கரிசனமாகப் பேசிக்கொண்டது காதில் விழ விழ மறுபடியும் மறுபடியும் குமட்டியது.

கௌதமின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவன் மறுக்கவில்லை. அதற்குச் சப்பைக்கட்டு கட்டவும் அவனுக்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

"அவங்க குடிக்கறதாலதான் உங்க வார்டு நடக்குது டாக்டர். இந்த மாசம் ஹாஸ்டல்ல ஆள் குறைஞ்சுது. பத்தாத இடத்துல கொஞ்சமா பவுடர் சேத்தோம். கொஞ்சமாத்தான்."

"கொஞ்சமா! கதவு திறந்த குடல்ல மாட்டுப்பாலைக் கொண்டுபோய் ஊத்தியிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு ரத்தமாப் போகுது. மேல நக்கிக் குடிக்கறாங்களே, அவங்க டம்ளர்ல பவுடர் கலக்க வேண்டியதுதானே?"

"அவங்களுக்குத் தெரிஞ்சுருமே" என்றான் அவன், வெகு இயல்பாக.

குழந்தைகளுக்கு வாயால் சொல்லத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். அந்தப் பாடத்தை இவன் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

"நான் வெளிய சொல்லிருவேன்."

"சொல்லுங்க. நாளைக்கே சீல் வெப்பாங்க. உங்க வார்டுல கதவு திறந்து கிடக்கற குழந்தைங்களுக்கு அடுத்த வேளைப் பால் எங்கேருந்து வரும்? நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "சண்டை எதுக்கு டாக்டர்? மாமாவுக்கு எண்பது நிறையுது. சதாபிஷேகம் பெருசா பண்றோம். டிவியெல்லாம் வருது. மேடையில ஒரு குழந்தை முதல் சோறு சாப்பிடணும், மாமா பக்கத்துல நிக்கணும். எனக்கு ஒரு குழந்தை வேணும். அந்த மகிழினி நல்லாப் பேசும்னு சொன்னாங்க. விழா வரைக்கும் அவளுக்குச் சுத்தமான பால். என் பொறுப்பு."

"எல்லாக் குழந்தைக்கும்."

"சரி, எல்லாருக்கும். மாமாகிட்டச் சொல்லி மேல போறதைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன். விழா வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அவனோடு இதைப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பேசி முடித்துவிட்டுத்தான் வந்தாள். வார்டுக்குப் போய்க் கீர்த்தனாவின் முன்னால் நின்று, எல்லாரும் கேட்கும்படி, "தப்பு என் பேர்லம்மா. நீ ஒண்ணும் குடுக்கலை" என்றாள். கீர்த்தனா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குக் குழந்தை பிழைத்தால் போதும்.

சுத்தமான பால் வந்தது. ரத்தம் நின்றது. மகிழினியின் புண் ஆறிக்கொண்டே வர, விழாவும் நெருங்கிக்கொண்டே வந்தது. மரகதம் மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். விழா முடிந்த மறுநாள் வெள்ளிப் போசி மறுபடி நிறைந்து மேலே போகும், பவுடர் கீழே வரும். வார்டில் கதவு திறந்த குழந்தைகள் அப்படியேதான் கிடப்பார்கள். கௌதம் மாமனாரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். ஏழாம் மாடி அந்தக் கிழவரின் ஒரு வயிற்றை நம்பித்தான் நடக்கிறது. அந்த வயிற்றை மூட ஒரு பிடி சோறு போதும்.

சோறு விஷமில்லை. உலகமே சாப்பிடுகிற சோறு. அவருக்கு அதனால் ஒரு தலைவலிகூட வராது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது கௌதம் பேசுகிற மாதிரியே இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள், புண் முழுக்க ஆறிவிட்ட மகிழினியின் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "ரெண்டாவது பிடி யாருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான். எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு அப்புறமா ஊட்டு. மேடையில ஒரு தாத்தா உம் பக்கத்துல நிப்பார். அவர்தான் இந்த ஆஸ்பத்திரி கட்டினவர். அவருக்கு ஊட்டறியா?"

குழந்தை யோசித்தது. "வேண்டாம்னு சொன்னா?"

"குழந்தை ஊட்டினா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க கண்ணு."

சீப்பு சிக்கலில் மாட்டிக்கொண்டது. மரகதம் அதை மெதுவாக எடுத்துவிட்டாள்.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. கலசத் தீர்த்தம் ஊற்றி முடிந்து, புதுப் பட்டு கட்டி, மாலையோடு ரங்கப்பன் மேடையில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் அவர் உட்காரவில்லை. பிரசாதத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனிடம் கொடுத்துவிட்டார். விரதம் என்று சொல்லியிருந்தார்கள். எண்பது வயதில் அன்னத்தைத் தொடாமல் பாலை மட்டும் குடித்துக்கொண்டு இப்படியொரு விரதமா என்று கூட்டத்தில் பெண்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். மரகதம் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகிழினியை மேடைக்கு அழைத்தார்கள். பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை. கீர்த்தனா வார்டு அம்மாக்கள் ஆக்கித் தந்த சோற்றைக் கிண்ணத்தில் ஏந்தி நின்றாள். ஒரு பிடி எடுத்து மகளின் வாயில் வைத்தாள். குழந்தை மென்று, கண்ணை அகல விரித்து, "நல்லாருக்கு" என்றது. மைக்கில் அது மண்டபம் முழுவதும் கேட்டது. கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி, வார்டு வழக்கப்படி, மகிழினி கிண்ணத்துக்குள் கையை விட்டாள். ஒரு பிடி எடுத்து, எட்டி நின்று, ரங்கப்பனின் வாய்க்கு நேரே நீட்டினாள். மண்டபம் "ஆ" என்று உருகியது. டிவிக்காரர்கள் நெருங்கினார்கள்.

"தாத்தா விரதம் கண்ணு" என்றார் ரங்கப்பன், சிரித்துக்கொண்டே.

சாஸ்திரிகள் மைக்கை வாங்கினார். "குழந்தை கையால வர்ற அன்னத்துக்கு விரதம் தடையே இல்லை. அதுவே பூர்த்தின்னு வெச்சுக்கலாம். பேஷா வாங்கிக்கோங்கோ!"

மறுபடியும் கைத்தட்டல். கௌதம் மண்டப வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தான். ரங்கப்பனின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, கண்கள் மட்டும் கூட்டத்துக்குள் அலைந்து மரகதத்தைக் கண்டுபிடித்தன. டாக்டர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடம்புக்கு ஆகாது என்று அவள் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். குழந்தையின் முழங்கை வரை நெய் வழிந்தது.

மரகதம் எழவில்லை.

அவர் வாயைத் திறந்தார். வெள்ளை படிந்த தடித்த நாக்கு அவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் கும்பிட்டார்.

"முழுங்குங்க தாத்தா" என்றாள் மகிழினி, வார்டில் எல்லாரும் சொல்கிற அதே அக்கறையோடு, மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "முழுங்கினாத்தான் கதவு சாத்தும்."

கூட்டம் சிரித்தது. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கப்பன் விழுங்கினார்.

மறுவாரம் அவர் மரகதத்தை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். சோர்ந்து, ஒரே வாரத்தில் கிழவராகிப் போயிருந்தார். முழங்காலில் தைலம் தேய்த்திருந்த வாசனை வந்தது.

"இன்னொரு தடவை போட முடியாதுங்களா அம்மிணி?"

"ஒரு உடம்புக்கு ஒரு தடவைதானுங்க."

"அந்தப் புள்ள தெரியாம ஊட்டிருச்சு. நீங்களாவது ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாமுங்க" என்றாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அல்லது, எங்கோ ஓர் ஓரத்தில், அந்தக் குழந்தையின் கையைப் பார்த்து மனசு கொஞ்சமாவது கரைந்திருக்கும் என்றும் நினைத்திருந்தாள். அவர் மருமகனைக் கூப்பிட்டார்.

"கௌதமு, நம்ம ஜட்ஜும் மத்தவனுங்களும் இன்னும் மேல வந்து குடிக்கறானுங்களா?"

"ஆமாங் மாமா. தினமும் வர்றாங்க."

"எனக்கில்லாதது அவனுங்களுக்கு எதுக்கு? எங் கட்டடத்துல உக்காந்து, எம் போசியில! ஏழாம் மாடியைப் பூட்டு. இனி ஒரு சொட்டு மேல போகக்கூடாது."

அவ்வளவுதான். குழந்தைகளின் பால் குழந்தைகளுக்கே திரும்பியது இப்படித்தான். பத்திரிகைகளில், விரதம் முடித்த கையோடு ஏழாம் மாடியையே குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்த வள்ளல் என்று படம் போட்டு எழுதினார்கள். மகிழினி ஊட்டுகிற அந்தப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். மரகதம் அதைப் பார்த்துவிட்டு மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். தன் கையால் செய்யத் துணியாததை ஒரு குழந்தையின் கையால் செய்துகொண்டவள் அவர்களைப் பழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்தது.

அவள் தானாகச் செய்தது ஒன்று உண்டு. ஹாஸ்டல் பெண்கள் அவரவர் குழந்தைகளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், அவர்கள் குடித்ததுபோக மிச்சம்தான் வார்டுக்கு என்று சட்டம் போட்டாள். ஏழாம் மாடியின் பங்கு மிச்சமானதில் அதற்குப் பால் போதுமாக இருந்தது. கௌதம் முகத்தைச் சுளித்தாலும் மறுக்கவில்லை.

ரேணுகாவின் நாத்தனார் பையனைக் கொண்டுவந்து விட்ட அன்று மரகதம் கீழ்த்தளத்துக்குப் போனாள். நல்ல கொழுகொழு பையன். ரேணுகா அவனை வாரியெடுத்து, உச்சி முகர்ந்து, மடியில் போட்டுச் சேலையை விலக்கினாள். பால் தானாகவே கசிந்து வழிந்தது.

பையன் ஒரு தடவை வாய் வைத்தான். உடனே விலகி, மூக்கைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, அருவருப்பான எதையோ வாயில் வைத்துவிட்டவனைப் போல நாக்கை வெளியே தள்ளினான். ரேணுகா மறுபடி வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுதான். நாத்தனார் பையிலிருந்து பவுடர் பால் புட்டியை எடுத்துக் கொடுத்ததும் அடங்கினான்.

"புடிக்கலையாட்ட இருக்குதுங்" என்று ரேணுகா சிரித்தாள். "எவ்வளவு நாளாச்சு, என்ர வாசமே மறந்துருச்சு. பழகிருவானுங்களா டாக்டரம்மா?"

"பழகிருவான்" என்றாள் மரகதம். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது.

ரேணுகா கொஞ்ச நேரம் பையன் புட்டி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சும்மா வீணாப் போகுதுங்களே" என்று எழுந்துபோய் மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். நிறைந்த கேனைத் துடைத்து மரகதத்தின் கையிலேயே கொடுத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மரகதம் வழக்கப்படி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பூண்டு வாசனை லேசாக அடித்தது. நல்ல பால்தான்.

கேனை வார்டில் கொடுத்துவிட்டு வந்து டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் மஞ்சள். கையைக் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று தயிர்சாதம். ஒரு பிடியை வாய்வரை கொண்டுபோனவள், திரும்பப் போட்டு மூடி வைத்தாள்.